தோற்றவருக்குக் கொடி வைத்த கார்

ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று.
அந்த எண்ணை நான் மறந்தாலும்
துளசிங்கம் மறக்கமாட்டார்.
காட்பாடியில் விடிய விடிய
மூன்று முறை எண்ணியும் அதே கணக்கு.
கை கொடுத்தார். ஈரமாக இருந்தது.
என் கையும்தான்.

எட்டு மாதம் கழித்துப் பேப்பரில் அவர் படம்.
கழுத்து மூடிய கறுப்புக் கோட்டு.
இலங்கைக்கு நம் தூதர்.
"ஹைகமிஷனர்" என்று திருத்தினார் அவர் மைத்துனர்.
லாங் பஜாரில் யார் கேட்டார்கள்?
தூதர் என்றே தட்டி வைத்தார்கள்,
ஓரத்தில் ஓர் அனுமாரைப் போட்டு.
வரைந்தவன் பழக்கதோஷத்தில்
வாலில் நெருப்பையும் வைத்துவிட்டான்.
மேலிடத்துக்குத் தெரிவதற்குள்
ராத்திரியோடு ராத்திரியாக
வாலுக்கு மட்டும் வெள்ளையடித்தார்கள்.

ஜெயித்தவன் நான்.
காலை ஆறு மணிக்கு என் வாசலில்
குடம், மனு, சாராய வாடை.
பேரணாம்பட்டிலிருந்து ஒருத்தி
தன் கிணற்றுத் தண்ணீரை பாட்டிலில் கொண்டுவந்தாள்.
தோல் ஷாப்புக் கழிவு இறங்கி டீ நிறத்தில் இருந்தது.
மேஜைமேல் வைத்து
"குடிங்க" என்றாள்.
அந்நேரம் அவர்
கடல் பார்த்த வீட்டில்
எந்தக் கரண்டி எதற்கு என்று
கற்றுக்கொண்டிருந்திருப்பார்.
பொறாமை என்பீர்கள்.
சொல்லிக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு கடிதம்,
சிங்கமுகம் அச்சிட்ட கெட்டித் தாளில்.

'சம்பங்கி,
இங்கே நான் பேசுவதெல்லாம்
டெல்லியில் டைப் அடித்து வருகிறது.
நேற்று விருந்தில் ஒரு பெரியவர் கேட்டார்,
கண்டியின் கடைசி ராஜா
உங்கள் ஊரில்தானே கிடக்கிறார்,
விளக்கு ஏற்றுகிறீர்களா என்று.
தாளில் அதற்குப் பதில் இல்லை.
ஏற்றுகிறோம் என்று சொல்லிவிட்டேன்.
முப்பது வருஷம் அந்த வழியே ஓட்டு கேட்டுப் போனவன்,
ஒரு தரமும் ஜீப்பை விட்டு இறங்கியதில்லை.
நீ போய்ப் பார்.
நான் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது.'

எதிர்க்கட்சிக்காரனுக்கு எழுதுகிறாரே,
வேறு ஆள் இல்லையா?
அவர் ஆட்களில் பாதிப் பேர்
என் வாசலில்தான் நின்றார்கள்.

போனேன்.
மணல் லாரித் தடம், அப்புறம் முள்,
அப்புறம் பாலாற்றங்கரை மண்டபம்.
வெளிச்சுவரில் நாங்கள் இருவரும் இருந்தோம்,
கைகூப்பி.
அவர்மேல் என்னை ஒட்டியிருந்தார்கள்,
என்மேல் ஒரு வளையல் கடைத் திறப்பு விழாவை.
ஆடு ஒன்று எங்களைச் சேர்த்துத்
தின்றுகொண்டிருந்தது.

கோட்டைக்குள் பதினாறு வருஷமாம்.
மழை நாட்டு ராஜா
வேலூர்ச் சித்திரையை எப்படித் தாண்டினார்?
யாரிடம் மனு கொடுத்தார்?

பெட்டிக்கடையில் அகல் கேட்டேன்.
கார்த்திகைக்குத்தான் வரும் என்றான்.
கரண்ட் போனால் விற்கிற மெழுகுவர்த்தி இருந்தது.
ஏற்றினேன், காற்று அணைத்தது.
திரும்ப ஏற்றி
உள்ளங்கையால் மறைத்தபடி நின்றேன்,
யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று
கொஞ்சம், யாரும் பார்க்கவில்லையே என்று
கொஞ்சம்.
மறுநாள் தந்தி: 'ஏற்றியாச்சு'.

மூன்று வருஷத்தில் டெல்லியில் ஆள் மாறியது.
காட்பாடி ஸ்டேஷனில் மாலைகளோடு பெருங்கூட்டம்,
வேறு யாருக்கோ.
கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கினார்.
எனக்கு ஒரு டீத்தூள் பொட்டலம்.
"எப்படி இருந்தது?" என்றேன்.
படி ஏறி முடிக்கும் வரை பதில் இல்லை.

"மூணு வருஷம், சம்பங்கி.
ஒருத்தன், ஒரே ஒருத்தன்கூட
'இன்னாய்யா பண்ண நீ'ன்னு என்னைக் கேக்கல."

வெளியே ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவன்
அவரை அடையாளம் கண்டு,
எப்போதோ போடாமல் விட்ட ரோட்டுக்காக
அம்மாவையும் சேர்த்துத் திட்டினான்.
துளசிங்கம் பெட்டியைக் கீழே வைத்தார்.
சட்டைக் கையை மடித்தார்.
"எந்தத் தெரு?" என்றார்.