நாற்பத்தியோராவது கேள்வி

ஒரே கூரையின் கீழ் எத்தனை அறை?
எண்பத்தாறு என்று எழுதிவிட்டுப் பேனையை வைத்தேன்.
சிறுநீரக வைத்தியர் சங்கம் கேட்பது நானூறு.

கொக்குவிலில் இருபது, நல்லூரடியில் ஐம்பத்தைந்து,
கன்னியர் மடத்து விருந்தினர் விடுதியில் பதினாலு
(ஒன்பது மணிக்குப் படலை பூட்டிப்போடுவார்கள்)
கூட்டிக் கூட்டி
முந்நூற்றுப் பன்னிரண்டில் ஊர் முடிந்துவிட்டது.

பலாலியிலிருந்து மண்டபத்துக்கு எவ்வளவு நேரம்?
முப்பத்தைந்து நிமிடம்.
ஆடுகள் குறுக்கே வந்தால் நாற்பது.
மாற்றுத் திகதி?
ஓகஸ்ட் மட்டும் வேண்டாம்,
கந்தன் பிடித்துவைத்த அறைகளை
நாங்கள் திருப்பிக் கேட்பதில்லை.

பார்வையிட வந்தார் டொக்டர் விதானகே.
மேடையை அளந்தார், கதிரைகளை எண்ணினார்.
மொழிபெயர்ப்புக் கூண்டு
வவுனியாவிலிருந்து லொறியில் வரும் என்றேன்,
சிரித்தார்.
கரண்ட் நின்றது. மணிக்கூட்டைப் பார்த்தார்.
பதினொரு விநாடியில் ஜெனரேற்றர் உறுமியது.
எனக்கு மூச்சு வந்தது.

பிறகு இருநூற்றி ஏழாம் அறையில்
கேத்திலின் மூடியைத் திறந்தார்.

உள்ளே ஒரு சின்ன உப்பளம்.

ஆயத்தமாய் வைத்திருந்த பொய்கள் மூன்றும்
தொண்டையில் முட்டி நிற்க,
அறைப் பொடியன் றெஜினோல்ட் முந்திவிட்டான்.
"எங்கட நிலம் சுண்ணாம்புக் கல்லு, டொக்டர்.
குடிக்கப் போத்தில் தண்ணி வைக்கிறம்.
வாறவை பைப்பில பிடிச்சு ஊத்திப்போடுகினம்."

அவர் நகத்தால் சுரண்டினார்.
விரலிடையில் தேய்த்துப் பார்த்தார்.
கைப்பையிலிருந்து சிறு பை ஒன்றெடுத்து
அதற்குள் போட்டுக்கொண்டு,
"எந்தக் கிணறு?" என்றார்.

அது விண்ணப்பத்தில் இல்லாத கேள்வி.

மண்டபத்தில் எல்லா விளக்கும் எரிய,
தட்டுகளில் றோல்ஸ் ஆறிக் கிடக்க,
சமையற்கட்டுக்குப் பின்னால்
அரை மணித்தியாலம் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு நின்றோம்.
எத்தனை அடி, யார் யார் குடிக்கிறார்கள்,
பக்கத்துத் தோட்டத்துக்கு என்ன உரம்?
தெரிந்ததைச் சொன்னேன்.
தெரியாததற்குத் தெரியாது என்றேன்,
இந்த வேலையில் முதற்தடவையாக.

"அறிவிப்போம்" என்று போய்விட்டார்.
கண்டியும் கேட்டிருக்கிறது. காலியும்.
அவர்களிடம் அறை இருக்கிறது.

இன்றிரவு பன்னிரண்டுக்குள் அனுப்ப வேண்டும்.
கடைசிக் கேள்வி:
உங்கள் நகரத்தை ஏன் தெரிவுசெய்ய வேண்டும்?
ஐம்பது சொற்களுக்குள்.
"விருந்தோம்பல்" என்று தொடங்கியதை
அழித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கீழே றெஜினோல்ட்
கேத்தில்களை வரிசையில் வைத்து
பாதி பாதியாய் வெட்டிய தேசிக்காய் போட்டுக்
கொதிக்கவிடுகிறான்.
படியெல்லாம் புளி மணம்.

இருநூற்றி ஏழை மட்டும்
அப்பிடியே விடச் சொன்னேன்.