பதினெட்டாவது துண்டு

நெளிகிற பிளாஸ்டிக்கின் மேல்
நிமிர்ந்து நிற்கும் கரி வேண்டும்.
திட்டம் அவ்வளவுதான்.
மானியக் குழுவுக்கு எழுதியபோது
ஒன்பது பக்கம் ஆயிற்று.

எட்மன்டனில் ஜனவரி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
மூச்சை இழுத்தால் மூக்குமயிர் விறைக்கும்.
உள்ளே, கலத்தின் சிறு ஜன்னலுக்குப் பின்னால்
ஊதா நிறத்தில் ஒரு வெளிச்சம்,
நெருப்பு என்று சொல்ல முடியாத நெருப்பு.

கரி இழைக்கு
அறுநூறு எழுநூறு டிகிரி ஆசை.
பிளாஸ்டிக்குக்கு இருநூறே அதிகம்.
இரண்டுக்கும் சம்பந்தம் பேசப் போனவள் நான்.

முதல் துண்டு அப்பளமாய்ப் பொரிந்தது.
நாலாவது உருகித் தட்டோடு ஒட்டிக்கொண்டது;
ஹலினா பிளேடால் சுரண்டி எடுத்தாள்,
உக்ரைனிய மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டே.
அர்த்தம் கேட்கவில்லை நான்.
ஒன்பதாவதில் இழைகள் வந்தன,
சீப்பு காணாத தலையாக.
பதின்மூன்றாவது கை தவறித் தரையில் விழுந்தது.
அதற்கு அறிவியல் காரணம் எதுவும் இல்லை.

அசிட்டிலீன், வெல்டிங் பட்டறைக்குத் தெரிந்த வாயு.
அம்மோனியா, எல்லா மூக்குக்கும் தெரிந்தது.
ஒன்று கரியைக் கொண்டுவந்து கொட்டும்,
மற்றது வேண்டாததைக் கூட்டித் தள்ளும்.
நடுவில் நிக்கல்,
கண்ணுக்கு எட்டாத துளித்துளியாய்.
ஒவ்வொரு துளியும் ஒரு விதை.
ஆனால் இந்தக் காட்டில்
விதை மண்ணுக்குள் போவதில்லை.
தனக்குக் கீழே தானே தண்டைக் கட்டி
அதன் உச்சியில் உட்கார்ந்தபடி
மேலே போய்க்கொண்டே இருக்கிறது,
மின்புலம் காட்டும் திசையில்.

பதினேழும் போன இரவு
ஹலினாவின் காரைக் கிளப்பக் கூடப் போனேன்.
இங்கே காருக்கும் பிளக் உண்டு,
எஞ்சின் உறையாமலிருக்க.
வாகன நிறுத்தத்தின் மின்சாரமோ
இருபது நிமிஷம் வரும்,
இருபது நிமிஷம் வராது.
"கஞ்சப்பயல்கள்" என்று கம்பத்தை உதைத்தாள்.
சாவியைத் திருகினாள்.
கார் கிளம்பிவிட்டது.

நான் கையுறையைக்கூடக் கழற்றாமல்
மாடிக்குத் திரும்பி ஓடினேன்.

பத்து வினாடி ஊதா.
நாற்பது வினாடி இருட்டு.
மறுபடி பத்து.
பிளாஸ்டிக் சூடாகிறது என்று உணருமுன்
ஆறிவிடுகிறது.
விடியும்வரை அப்படியே, கண் சிமிட்டிச் சிமிட்டி.

பதினெட்டாவது துண்டு
கறுப்பு வெல்வெட் மாதிரி வெளியே வந்தது.
ஃப்ளாஸ்க் மூடியைச் சுற்றி வளைத்துப் பார்த்தேன்.
பிரித்தேன். மறுபடி வளைத்தேன்.
நூறு தடவைக்கு மேல் எண்ணவில்லை.

நுண்ணோக்கியில்
நிற்கின்றன எல்லாம், வளைந்த தரையில் நேராக.
ஒரு மூலையில் மட்டும்
வரிவரியாய்ச் சாய்ந்து கிடக்கிறது காடு.
புயல் அடித்த வயலோ என்று
பெரிதாக்கிப் பார்த்தேன், பிறகு சிறிதாக்கி.
என் கட்டைவிரல் ரேகை.

அறிக்கையில் அந்தப் படத்தைச் சேர்க்கவில்லை.
ஹலினா அதைத்தான் அச்செடுத்து
கலத்தின் கதவில் ஒட்டியிருக்கிறாள்.