மூன்றாவது விலைமனு

பஞ்சுக்கு மூன்று விலைமனு.
சிரிஞ்சுக்கு மூன்று.
பிணவறைப் பல்புக்கும் மூன்று கேட்டு,
குறைந்ததை எடுக்காவிட்டால்
ஏன் எடுக்கவில்லை என்று எழுதவேண்டும்.
பதினேழு வருடமாக
திருகோணமலை ஆஸ்பத்திரிப் பண்டகசாலையில்
அந்தக் கடைசிக் கட்டத்தை நிரப்புகிறவள் நான்.

இப்போது என் தலைக்கு
இரண்டுதான் வந்திருக்கின்றன.

ஒன்று, வெறும் பிளாட்டினம்.
தலைமயிர் போல ஒரு கம்பி
தொடைக்குள்ளால் ஏறி
நெஞ்சையும் கழுத்தையும் கடந்து
நாளம் வீங்கிய இடத்தில் போய்ச் சுருளும்.
சரியாய்ப் படியாவிட்டால்
இழுத்தெடுத்து மறுபடி சுற்றலாம்.
கழற்றிவிடும்வரை அது கையில்தான்.

மற்றது அதே கம்பி, மேலே ஜெல்.
இரத்தம் பட்டதும்
பலூடாவில் போட்ட கசகசாவாய் ஊறி
இடத்தை அடைக்கும்.
திரும்ப வீங்குவது குறைவு என்கிறது ஒரு கட்டுரை.
பெரிய வித்தியாசமில்லை என்கிறது இன்னொன்று.
ஆனால் நேரம் கொஞ்சம்.
ஊறியபின் குழாய்க்குள் திரும்பாது.

கண்டியிலிருந்து டொக்டர் விக்னராஜா
படம் அனுப்பினார்.
கழுத்து நான்கு மில்லிமீட்டர், உள்ளே ஏழு.
உவர்மலையில் பிறந்தவளுக்கு விளக்கவேண்டுமா?
ஒடுங்கிய வாய், அகன்ற உள்.
இதற்காகத்தானே இந்தக் குடாவில்
எத்தனை கொடிகள் ஏறி இறங்கின.
என்னுடையதில் இன்னும்
எவனும் நங்கூரம் போடவில்லை.

"நிறைச்சாச்சு எண்டு நாங்க சொல்லேக்க
கால்பங்குதான் கம்பி.
மிச்சம் உறைஞ்ச ரத்தம்" என்றார்.
கால்பங்கை முழுசென்று நான் கையெழுத்து வைத்தால்
கணக்காய்வு வந்து கதவுக்கு முத்திரை வைக்கும்.

குகபாலன் சீனன்குடா மாவாலையில் இரவு வேலை.
வந்து சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னான்:
"வெறும் கம்பியே போடட்டும்.
பிழைச்சாத் திருத்தலாம்தானே."
கலியாணத்துக்கு முதலும்
இப்படித்தான் யோசித்தானோ.
கபிஷன் கேட்டது வேறு:
"அம்மாவைக் காந்தம் இழுக்குமா?"
இழுக்காது, பிளாட்டினம்.
அவனுக்குச் சரியான ஏமாற்றம்.

நிரல் போட்டு அட்டவணை கீறினேன்.
திரும்ப எடுக்கும் வசதி, மீள்வரவு, விலை.
புதன்கிழமை மத்தியானம்
கோட்டை வாசலடி மரத்தின் கீழ்
சோற்றுப்பொதிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு
சோடா மூடியோடு மல்லுக்கட்டிய நேரம்,
கொம்பு முளைக்காத மான் ஒன்று
விலையிருந்த பக்கத்தை மென்றுகொண்டிருந்தது,
அவசரமில்லாமல்,
என்னைப் பார்த்தபடி.
விரட்டத் தோன்றவில்லை.
அது எனக்கும் செமிக்காத பக்கம்.

பின்னேரம் டொக்டருக்கு எடுத்தேன்.
"எதெண்டு உள்ள போய்ப் பாத்துத்தான் தெரியும் அம்மா.
வெறும் கம்பியில தொடங்கி
ஊறுறதில முடிக்கவும் கூடும்.
நீங்க சொல்லவேண்டியது
செய்யிறதோ இல்லையோ எண்டதைத்தான்."

இரண்டு பேரிடமும் வாங்கு என்று
எந்தக் குழுவும் எனக்குச் சொன்னதில்லை.

அப்போதுதான் உறைத்தது,
மூன்றாவது விலைமனு
முதல் நாளே வந்து மேசையில் கிடந்தது.
ஒன்றும் செய்யாமல் விடுவது.
விலை: பூச்சியம்.
விநியோகத் திகதி: குறிப்பிடப்படவில்லை.

குறைந்தது அதுதான்.
ஏன் எடுக்கவில்லை என்று எழுதியாகவேண்டும்.
மான் மிச்சம்விட்ட தாளைத் திருப்பி
பேனையைத் தட்டித் தட்டி
கடைசியில் எழுதினேன்:
பொருள் பாவனையில் உள்ளது.