நீலத்தின் அளவு

ஒருகொடவத்தைப் பசளைக் களஞ்சியத்தின் மாடியில்
எனக்கொரு மேசை, ஒரு தராசு, இருபத்துநாலு குழாய்கள்.
கீழே லொறி பின்வாங்கும்போதெல்லாம்
தராசின் கடைசி இலக்கம் நடுங்கும்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு, அது அடங்கும்வரை இருப்பேன்.

மண் தபாலில் வருகிறது.
சொப்பிங் பையில், பால்மாப் பேணியில்,
ஒருமுறை ஒரு பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியில்.

இது முருங்கன் மண்.
கறுப்பு; காய்ந்தால் கல்.
உரலில் இடிக்க, சன்னல் ஓரமெல்லாம் ஒரு மாவட்டம் படிகிறது.
சந்தியோகு, இரண்டே முக்கால் ஏக்கர், நெல் என்று துண்டு.
பின்பக்கம் வேறு கையெழுத்தில்:
"போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.
பயிர் கேட்பதாகத் தெரியவில்லை."

கரைசல் ஊற்றி, அரைமணி குலுக்கி, வடித்து
மொலிப்டேற் விட, நீலம் எழும்பும்.
பொசுபரசு குறைவென்றால்
தோய்த்துத் தோய்த்து வெளுத்த
பள்ளிக்கூடக் காற்சட்டை நீலம்.
சந்தியோகுவின் குழாயில் பேனை மை.
கருவி முப்பத்தொன்று என்றது.
பத்து இருந்தாலே நெல் குறை சொல்லாது.
திரும்ப வைத்தேன்: முப்பது தசம் எட்டு.

போட்ட மூட்டையெல்லாம் எங்கும் போகவில்லை.
கலியாணம் முடிந்தும் எழும்பாத விருந்தாளிகளாய்
அங்கேயே குந்தியிருக்கின்றன,
நாகத்தையும் வேரண்டை விடாமல்.

அறிக்கையில் எழுதினேன்:
டிஎஸ்பி இந்தப் போகம் வேண்டாம்.
யூரியாவை மூன்றாய்ப் பிரித்துப் போடவும்.
வைக்கோலைக் கொளுத்த வேண்டாம், பொற்றாசியம் அதில்தான்.
நாக சல்பேற்று ஏக்கருக்கு இரண்டு கிலோ.

மனேஜர் பாலேந்திரா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார்.
கெட்டவர் இல்லை. கப்பலே வராத வருசத்தில்
தன் சம்பளத்தை நிறுத்தி எங்களுக்குத் தந்தவர்.
"வேண்டாம் எண்ட சொல்லை
விக்கிற ஆள் எழுதலாமோ, தங்கச்சி?"
'வேண்டாம்' வெட்டுப்பட்டு 'வழமைபோல்' வந்தது.
பென்சிலால்தான் வெட்டினார்.
பென்சில் என்றபடியால் கோபிக்கவும் முடியவில்லை.

ஐந்து மணி, பேஸ்லைன் வீதி. பஸ்ஸைக் காணோம்.
அரிசி லொறிகள் புறக்கோட்டைப் பக்கம் போகின்றன.
ஒவ்வொரு மூட்டையிலும் கொஞ்சம் வயலும் வருகிறது.
நாங்கள் சாப்பிட்டுவிட்டுக்
குழாய் வழியே கடலுக்கு அனுப்பிவிடுகிறோம்.
அந்தக் கணக்குக்கு யாரும் மாதிரி அனுப்புவதில்லை.

துண்டிலிருந்த இலக்கத்தை அழைத்தேன்.
"ஐயா, உங்கட வயலில நாகம் காணாது."
மறுமுனையில் சிரிப்பு.
"நாகமோ! போன கிழமையும் வரம்பில ஒண்டை அடிச்சனான்.
இன்னும் வேணுமெண்டோ, பிள்ளை?"
பாம்பில்லை ஐயா, உப்பு, வெள்ளையாய் இருக்கும் என்று
ஹோண் சத்தத்துக்கு மேலால் நான் கத்த
பஸ் தரிப்பிடமே திரும்பிப் பார்த்தது.
"டிஎஸ்பி போடாதேங்கோ.
ஓம், ஒரு மூட்டையும் வேண்டாம்."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை; ஆடு ஒன்று கத்தியது.
"ஆர் பேசுறது? கொம்பனியோ?"

"கொம்பனிதான்," என்றேன். "ஆனா போன் என்ர."

பஸ் வந்தது. அவர் வைக்கவில்லை.
வைக்கோலை எப்ப பரவுறது, உழமுந்தியோ பிந்தியோ,
மாடு தின்றால் கணக்கு எப்படி என்று
ஆமர் வீதியில் என் மீதிக்காசு முடியும்வரை
கேட்டுக்கொண்டே இருந்தார்.