இருபத்தாறு டிகிரி

சன்ஷேடில் குத்தவைத்து
மோந்து பார்த்துச் சொன்னார் மேலப்பாளையம் சாகுல்:
"கம்ப்ரசர் கருகிட்டுதுக்கா.
மாத்துனா பதினாறாயிரம் ஆவும்.
பதினோரு வருசத்துச் சாமான்,
அடுத்தாப்ல காயில் எப்ப ஓட்ட விழும்னு
நான் சொல்ல முடியாது.
புதுசு எடுத்துருங்க."

எடுக்கலாம். முப்பத்தெட்டு.
சீட்டுப் பணம் ஜூனில் கைக்கு வரும்.

சாகுலுக்குத் தெரியாதது,
கிறிஸ்மஸ் மறுநாளிலிருந்து நானும் பொன்ஸ்டனும்
பேசுவதெல்லாம் பால், சிலிண்டர், கரண்டு பில்.
குளிர்கிற அறை ஒன்றே ஒன்று என்பதால்
அதில் படுத்தோம்.
முதுகுக்கும் முதுகுக்கும் நடுவே
இருபத்தாறு டிகிரி.

நாலு நாளாக அவர் மொட்டைமாடி, நான் ஹால்.
யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.
பாளையங்கோட்டை வெயில்
பழியை ஏற்றுக்கொண்டது.

"ரிப்பேரா, புதுசாக்கா?"
நாலு ஸ்க்ரூவையும் உள்ளங்கையில் உருட்டுகிறார்.

ஆபீஸிலிருந்து வந்தவர்
செருப்பைக் கழற்றாமல் வாசலிலிருந்தே கேட்டார்:
"சரி பண்ணினா எத்தன வருசம் ஓடும்?"

சாகுலைத்தான் கேட்டார்.

"ரெண்டு. மிஞ்சிப்போனா மூணு."

எப்படிக் கூட்டினாலும் நட்டக் கணக்கு.
பதினாறாயிரத்தை எண்ணி எடுக்க
உள்ளே போனேன்.