தள்ளாமல் விட்ட பனி

ஊலு நகரம். ஜனவரி. மைனஸ் இருபத்திரண்டு.
விடிய இன்னும் நாலு மணி நேரம்.
வண்டியைக் கிளப்பும்போது கண்ணாடியைத் தட்டினாள்
நகரத் திட்டத் துறை ஹில்கா.
"இன்றைக்கு மட்டும் சதுக்கத்தைத் தொடாதீர்கள், வெய்க்கோ."

இருபத்தாறு வருஷத்தில்
பனியைத் தள்ளாதே என்று யாரும் சொன்னதில்லை.
தள்ளியது போதாது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

பத்து மணிக்குப் போய்ப் பார்த்தோம்.
அவள் வரைபடத்தில் பாதை நேர்க்கோடு,
பேருந்து நிறுத்தத்திலிருந்து நூலகத்துக்கு.
நட்டநடுவில் கருங்கல் இருக்கைகள், ஒரு நீரூற்று.
ஜனங்கள் போன பாதையோ
சுவர்களை உரசிக்கொண்டு, ஆடு போனதுபோல் வளைந்து.
நடுவில் ஒரே ஒரு தடம். நாயுடையது.
அதுவும் பாதியில் திரும்பியிருந்தது.

சலவைக்கடைப் பின்புறம்,
துணி உலர்த்தும் சூடு வெளியேறும் குழாயடியில்
பனி கரைந்து கறுப்பாய்த் தரை.
நாலு சிகரெட் துண்டு, ஒரு குழந்தைக் கையுறை,
தள்ளுவண்டி வெகுநேரம் நின்ற குழி.
குனிந்து அளந்தாள்.
"எட்டு மாதம் வரைந்தேன்," என்றாள்,
கூடவே தேவாலயத்தில் சொல்லக்கூடாத ஒரு சொல்லையும்.

உச்சிப்பொழுதில் சூரியன்
மருந்துக்கடைச் சுவரில் நாற்பது நிமிடம் சாய்ந்திருந்தது.
கடன்காரனைக் கண்டதுபோல் நழுவும் முன்
அதன் ஓரங்களில் பிர்ச் குச்சி நட்டாள்.

குச்சிகளுக்கு நடுவே இப்போது மரப்பலகை.
கல் இல்லை. கல்லில் உட்கார்ந்தால்
எலும்புவரை கணக்குக் கேட்கும்.
குழாயடியிலும் ஒரு கட்டை, சாய்ந்து நிற்க.

"தள்ளுகிற பனியை எங்கே கொட்டுவீர்கள்?"
எங்கே இடமோ அங்கே.
"அந்தச் சந்தின் வாயில் கொட்டுங்கள்.
ஆளுயரம். பிறைபோல."
மருந்துக்கடைக்கும் வங்கிக்கும் இடையே
யாரும் போகாத சந்து அது.
வாடை மட்டும் போகும், வரும்.
இத்தனை நாள் குப்பை என்று ஒதுக்கியது
சுவர் என்று எனக்குத் தெரியாது.

போன வாரம், மைனஸ் பதினேழு,
பலகையில் ஏழு பேர்.
தபால்காரி கையுறையைக் கழற்றிவிட்டு
ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.
வெளியே. அவசரமில்லாமல்.

ஏப்ரலில் என் சுவர் உருகும்.
சாக்கடை அடைக்கும். மருந்துக்கடைக்காரர்
என்னைத்தான் திட்டுவார். திட்டட்டும்.
நவம்பரில் மறுபடி கட்டுவேன்,
கிழக்கே இரண்டடி நீட்டி.
அந்த முனையில் கொஞ்சம் காற்று நுழைகிறது.
ஹில்கா கவனிக்கவில்லை.