இருபத்து மூன்று நிமிடம்

ஓல்ட்டன் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில்
கணக்குப் பிரிவில் எனக்கொரு மேசை.
ஜன்னலில் சைக்கிள் சக்கரங்கள் மட்டும் தெரியும்.
கத்தி பிடித்தவளில்லை நான்,
கத்தி ஓடும் நேரத்துக்கு விலை போடுகிறவள்.

சத்திரசிகிச்சைக் கூடம்
நிமிடம் ஒன்றுக்கு முப்பத்தேழு பிராங்க்.
விளக்கு, மயக்க மருந்து, தாதிமார்,
இடையில் தரை துடைக்க வரும் எரித்திரியக்காரர்
எல்லாரும் அதற்குள் அடக்கம்.

பித்தப்பைக்குக் காப்புறுதி தருவது ஒரே தொகை.
கை பழகியவர் எடுத்தாலும் அதுதான்,
பழகுகிறவர் எடுத்தாலும் அதுதான்.
பழகுகிற கை தயங்கும்.
தயங்குவதெல்லாம் என் தாளில் சிவப்பாக விழும்.

பயிற்சி மருத்துவர் தலைக்கு
ஆண்டுக்குப் பதினைந்தாயிரம் கன்டோன் அனுப்புகிறது.
அது கரையும் மாதம் எனக்குத் தெரியும்.
மிச்சத்தை யார் தருகிறார்கள் என்று
வேலைக்கு வந்த புதிதில் கேட்டேன்.
"முழங்கால்கள்" என்றார் கெர்பர்.
சிரிக்கவில்லை.
தனியார் காப்புறுதி வைத்திருக்கும் முழங்கால்கள்,
பனிச்சறுக்கில் தேய்ந்தவை,
ஒற்றை அறையும் நல்ல கோப்பியும் கேட்பவை.

ஒருமுறை அட்டவணையில்
'கற்றல் தாமதம்' என்று ஒரு நிரல் சேர்த்தேன்.
முதல் சொல்லை அவர் வெட்டிவிட்டார்.

கார்த்திகையில் என் பித்தப்பையே கல் கட்டியது.
ஒப்பம் வாங்க வந்தவள் லடீனா காஃப்லிஷ்,
மூன்றாம் வருடப் பயிற்சி.
வெள்ளைக் கோட்டின் பொத்தான் துளையில்
கறுப்பு நூல், முடிச்சு முடிச்சாக,
சாப்பாட்டு வரிசையில் நின்று போட்டவை.
"நான்தான் செய்வேன், பெரியவர் பக்கத்தில் நிற்பார்,
சம்மதமா?"
அந்தப் பெயர் எனக்குத் தெரியும்.
தையல் பயிற்சி, சூரிச், இரண்டு நாள், ஆயிரத்து நூறு:
அவளுடைய பற்றுச்சீட்டை
'நிதி இல்லை' என்று முத்திரை குத்தித்
திருப்பி அனுப்பிய கை இது.
அதே கையால் ஒப்பமிட்டேன்.

மேசையில் கிடத்தினார்கள்.
பத்திலிருந்து கீழே எண்ணச் சொன்னார்கள்.
முப்பத்தேழு, எழுபத்துநான்கு,
நூற்றுப் பதினொன்று...
அதற்குமேல் நினைவில்லை.

இரண்டு கிழமை கழித்து வேலைக்குத் திரும்பினேன்.
கோப்புக் குவியலில் பெயரில்லாத ஓர் இலக்கம்.
பெண், நாற்பத்தாறு. பித்தப்பை.
கீறல் முதல் தையல்வரை எழுபத்தொரு நிமிடம்.
விதித்தது நாற்பத்தெட்டு.
எண்ணூற்று ஐம்பத்தொரு பிராங்க்
என் வயிற்றுக்குள் நட்டம்.

அந்த நேரத்தில் என்ன நடந்திருக்கும்?
குழாயை இனங்காணாமல் அவள் நின்றிருக்கலாம்.
வெட்டாதே, இன்னொரு தரம் பார் என்று
பெரியவர் சொல்லியிருக்கலாம்.
அவள் பார்த்திருக்கிறாள். நான் இருக்கிறேன்.

காரணம் எழுது என்கிறது கணினி.
ஏழு தெரிவுகள்:
நோயாளி தாமதம், கருவிப் பழுது, இரத்தம் வரவில்லை
என்று போகிறது.
ஐந்தரை ரயில் போய்விட்டது.
தொப்புளடித் தையல் ஊறுகிறது,
சொறியக் கூடாதாம்.
பெட்டிக்குள் கோடு விட்டு விட்டு மின்னுகிறது.
முழங்கால் என்று அடித்துப் பார்த்தேன்,
ஏற்கவில்லை.